படவேட்டுக்குப் போய் வந்தவள்

அதைச் சாப்பிடாதீங்க சார். உங்க இஷ்டம், தடுக்க நான் யாரு. ஆனா பக்கத்துல உக்காந்து பார்த்துட்டே சொல்லாம இருக்க என்னால முடியாது. அந்தக் கடை எண்ணெயை பஸ் ஏறும்போது பார்த்தேன். தார் மாதிரி இருக்கு. காலையில பூரி போட்டதும் அதுலதான், மத்தியானம் வடை போட்டதும் அதுலதான், இப்ப உங்க பஜ்ஜியும் அதுலதான் குளிச்சுட்டு வந்திருக்கு. போட்டவன் நகத்தைப் பார்த்தீங்களா? சரி, வேணாம், விடுங்க. நீங்க சாப்பிடுங்க. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிறேன்.

முப்பது வருஷத்துக்கு மேல இதே வேலை சார். ஃபுட் இன்ஸ்பெக்டர். இப்ப உணவுப் பாதுகாப்பு அலுவலர்னு நீளமா பேர் மாத்திட்டாங்க, ஜனங்களுக்கு ஃபுட் இன்ஸ்பெக்டர்தான். ஏகாம்பரம்னு சொன்னா வேலூர்ல பாதி ஓட்டல்காரன் இன்னும் பல்லைக் கடிப்பான். இப்ப ரிடையர் ஆயாச்சு. ஆனா கண்ணு ரிடையர் ஆகலை. எங்க போனாலும் அழுக்குதான் முதல்ல தெரியுது.

போளூர் போறேன். என் சம்சாரம் அங்க இருக்கா. கூட்டிட்டு வரப் போறேன்னு நினைக்காதீங்க. வீட்டுல சில சாமான் எங்க வச்சான்னு தெரியலை, கேக்கணும். போன்ல கேக்கலாம்தான். போன்ல கேட்டா ‘ம்’ங்கிறா. வேற ஒண்ணும் சொல்றதில்ல. நீங்க திருவண்ணாமலையா? அப்போ உங்களுக்கு இன்னும் தூரம் இருக்கு. கேளுங்க, சொல்றேன். நியாயம் யார் பக்கம்னு நீங்களே சொல்லுங்க.

என் வீட்டுக்குள்ள வெளிச் சாமான் வராது சார். அது சட்டம். கடையில அரைச்ச மாவு வராது, கடையில வித்த ஊறுகாய் வராது. கல்யாணத்துக்குப் போனா அட்சதை போட்டுட்டுத் திரும்பிடுவேன், பந்தியில உக்கார மாட்டேன். கறி சாப்பிடுவோம், ஆனா நானே நின்னு, நானே பார்த்து வாங்கிட்டு வந்த கறி. குடல், ஈரல், தலை, கால், இந்த அசிங்கம் எதுவும் வாசப்படி தாண்டாது. வாரத்துக்கு ஒரு தடவை எங்க வீட்டு அடுக்களையையே டார்ச் அடிச்சுப் பார்ப்பேன். ஊருக்கெல்லாம் சொல்றவன் வீட்டுல எறும்பு இருக்கலாமா? நான் பார்த்து முடிக்கிற வரைக்கும் கஸ்தூரி வாசல்ல நிப்பா. கஸ்தூரிதான் என் சம்சாரம். முந்தானையால கையைத் துடைச்சுட்டே நிப்பா. அவளுக்கு அதுல ஒரு வருத்தமும் கிடையாது. இருந்தா சொல்லியிருப்பால்ல.

அவ அம்மா செத்த அன்னிக்குப் பக்கத்து வீட்டுலேர்ந்து காபி கொண்டு வந்தாங்க. குவளையோட விளிம்புல என்னவோ ஒட்டியிருந்துது. நான்தான் வாங்கிக் கீழ ஊத்தினேன். அன்னிக்கு முழுக்க அவ ஒண்ணும் குடிக்கலை. ஒரு நாள் குடிக்காட்டி என்ன ஆயிடும்? வாந்தி பேதி வந்திருந்தா யாரு பார்க்கிறது?

இப்படி வச்சிருந்த வீடு சார்.

ஒரே பொண்ணு எங்களுக்கு. நளினி. திருவண்ணாமலையில காலேஜ் படிச்சா. கூடப் படிச்ச பையன் ஒருத்தன், தணிகைவேல். இப்ப வாத்தியார் வேலை பார்க்கிறான். அவனைத்தான் கட்டிக்குவேன்னு வந்து நின்னா. சரி, வாத்தியார்தானே, விசாரிப்போம்னு விசாரிச்சேன். அவங்கம்மா என்ன பண்றாங்கன்னு நினைக்கிறீங்க? போளூர் பஸ் ஸ்டாண்டு எதிர்ல சாயங்காலம் கடை. குடல் கறி, ரத்தப் பொரியல். அந்தம்மா உக்காந்து குடலைத் திருப்பிப் போட்டு, சுண்ணாம்பு தடவி, உருவி உருவிக் கழுவுது. அந்தக் கையோட எனக்கு ஒரு சம்பந்தியா?

ஜாதி கீதின்னு நான் பேசலை சார். நான் அப்படிப்பட்டவன் இல்ல. ஆபீஸ்ல எல்லார் கூடவும் உக்காந்திருக்கேன். எனக்கு சுத்தம்தான் முக்கியம். வேற ஒண்ணும் இல்ல.

‘போறதுன்னா போ, திரும்பி வராதே’ன்னேன். போயிட்டா. ரெஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம், ஆறு வருஷத்துக்கு மேல ஆச்சு. நான் போகலை, கஸ்தூரியையும் போக விடலை. ஒரு பேத்தி பிறந்ததாக் கேள்வி. நான் பார்த்ததில்ல.

அதோட விட்டேனா? விடலை. கல்யாணம் ஆன அடுத்த மாசமே அந்தக் கடையைப் பார்க்கப் போனேன். போளூர் என் ஏரியா இல்ல, அங்க இருந்த அதிகாரி என் கூட வேலைக்குச் சேர்ந்தவன். ‘ஒரு புகார் வந்திருக்கு’ன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனேன். புகார் குடுத்தது யாருன்னு அவன் கேக்கலை. நான் ஜீப்பை விட்டு இறங்கலை. இறங்கினா அந்த வாடையே என்னைக் கொன்னுடும். அவன் போய் எண்ணெய், மிளகாய்த்தூள், வெந்த கறி எல்லாத்துலயும் சாம்பிள் எடுத்தான். அந்தம்மா ஒரு ஸ்டூலைத் துடைச்சு ஜீப் பக்கத்துல கொண்டு வந்து வச்சுட்டுப் போச்சு. நான் இறங்கி அதுல உக்காரலை.

சாம்பிள் முடிவு வந்துது. குறை ஒண்ணும் இல்லையாம். மிளகாய்த்தூள் அசல் மிளகாய்த்தூளாம். லேப்ல ஆளைப் பிடிச்சுச் சரிக்கட்டிட்டாங்கன்னு நினைச்சேன். வேற எப்படி சார்? ரோட்டு ஓரக் கடை, குடல் விக்கிற கடை, அதுல குறை இல்லைன்னா யாரு நம்புவா?

மிளகாய்த்தூள்னு சொன்னதும் ஒண்ணு சொல்லணும். எங்க வீட்டு மிளகாய்த்தூள் மாதிரி நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. ஸ்கூல்ல, மகளிர் குழுவுல எல்லாம் விழிப்புணர்வு முகாம் நடத்துவோம். கண்ணாடி டம்ளர்ல தண்ணி ஊத்தி மிளகாய்த்தூளைத் தூவிக் காட்டணும். கடைத்தூள்ல சாயம் சிவப்பா இறங்கும், செங்கல் பொடி அடியில தங்கும். நம்ம வீட்டுத் தூள் மேல அப்படியே மிதக்கும், தண்ணி தெளிவா இருக்கும். நாலஞ்சு வருஷமா எல்லா முகாமுக்கும் ஒரு சின்ன டப்பாவுல அதைத்தான் எடுத்துட்டுப் போவேன். ‘இதுதான் சுத்தம், இது என் சம்சாரம் கையால இடிச்சது’ன்னு தூக்கிக் காட்டுவேன். கலெக்டர் முன்னாடியே காட்டியிருக்கேன்.

கஸ்தூரி வீட்டை விட்டு எங்கேயும் போக மாட்டா. மாசம் ஒரு தடவை படவேடு அம்மன் கோயிலுக்கு மட்டும் போவா. இந்த ரூட்லதான், நீங்க அடுத்தாப்ல பார்ப்பீங்க, பிரியற ரோடு. காலையில போனா சாயங்காலம் வந்துடுவா. பெரிய பையா எடுத்துட்டுப் போவா. கேட்டா தேங்காய், பூ, அர்ச்சனைச் சாமான்னுவா. சாமி காரியம், நான் பையைத் திறந்து பார்த்ததில்ல. உலகத்துல நான் சோதனை போடாம விட்ட ஒரே பை அது.

சரி, வியாதிக்கு வர்றேன்.

போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி. ஒரு ஸ்வீட் கடையில சோதனை. லட்டுல போட்ட கலர் சரியில்லை, முதலாளியை நிக்க வச்சுப் பேசிட்டிருக்கேன். திடீர்னு என் வலது கண்ணு இமை கீழ இறங்குது. தூக்கறேன், மறுபடி இறங்குது. அந்த ஆள் என்னையே உத்துப் பார்த்தான். அப்புறம் கிட்ட வந்து, ‘உள்ள வாங்க சார், பேசிக்கலாம்’னு மெதுவாச் சொல்றான். நான் கண்ணடிச்சேன்னு நினைச்சுட்டான். வாழ்க்கையில ஒரு டீ ஓசியில குடிச்சதில்ல சார் நான். கூசிப் போச்சு.

கண் டாக்டர் சொட்டு மருந்து குடுத்தார். நாலு மாசம் ஊத்தினேன். காலையில நல்லா இருக்கும், சாயங்காலம் இமை விழும். அடுத்து குரல். பேச ஆரம்பிச்சா நல்லா வரும், பேசப் பேச மூக்கால வரும், நாக்கு உருளும். ரிடையர்மென்ட் பாராட்டு விழாவுல ஏற்புரை பேச எழுந்தேன். அஞ்சு நிமிஷத்துல குழற ஆரம்பிச்சுது. முன்வரிசையில ஒருத்தன் சிரிச்சான். மாலை போட வந்த மேலதிகாரி மாலையைப் போட்டுட்டு, அப்படியே முகத்துக்குப் பக்கத்துல வந்து மூச்சை இழுத்தான். மோந்து பார்க்கிறான் சார். நான் குடிச்சிருக்கேனான்னு. ஊர் சோத்தையெல்லாம் மோந்து பார்த்தவன் நான், என்னை மோந்து பார்க்கிறான்.

அப்புறம் சாப்பாடு. மென்னுட்டே இருக்கும்போது தாடை நின்னுடும். கையால தாடையைத் தூக்கிப் பிடிச்சு மெல்லணும். ஒரு நாள் ரசஞ்சாதம் மூக்கு வழியா வந்துது. என் தட்டுலயே விழுந்துது. நான் அதைப் பார்த்தேன். அந்த மாதிரி ஒரு அருவருப்பு எந்தச் சாக்கடை ஓரத்துக் கடையிலயும் எனக்கு வந்ததில்ல. கஸ்தூரி என் மூக்கைத் துடைச்சு, தட்டைக் கழுவி, வேற சாதம் கரைச்சுட்டு வந்து உக்காந்தா. அவளுக்கு எப்படி அருவருப்பு வரலைன்னு எனக்கு இன்னிக்கும் புரியலை. சில பேருக்கு அந்த உணர்ச்சியே இருக்காது போல.

கடைசியில பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. டாக்டர் ஷெரின்னு நாகர்கோவில் பொண்ணு. சின்ன வயசு. அதுதான் கண்டுபிடிச்சுது. என் உடம்புல நோயை எதிர்க்கிற செல்லுங்க இருக்குல்ல, அதுங்க என் நரம்பும் தசையும் சேர்ற இடத்தையே தாக்குதாம். வெளியிலேர்ந்து வந்த கிருமி இல்ல, என் உடம்பே என்னை அடிக்குது. நெஞ்செலும்புக்குப் பின்னாடி தைமஸ்னு ஒரு சுரப்பி. அதுல எனக்குக் கட்டி. ஆபரேஷன் பண்ணி எடுக்கணும்னுச்சு.

‘அந்தச் சுரப்பிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்’னு கேட்டேன். நான் எதையும் தெரிஞ்சுக்காம கையெழுத்துப் போட மாட்டேன்.

அந்தப் பொண்ணு நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துது. ‘சார், எலும்பு மஜ்ஜையில பிறக்கிற இளம் செல்லுங்க சிலது பயிற்சிக்குத் தைமஸுக்கு வரும். எதை அடிக்கணும், எதை அடிக்கக் கூடாதுன்னு அங்கதான் படிக்கும். உடம்போட ஒவ்வொரு பாகத்துலயும் என்ன இருக்குன்னு தைமஸே கொஞ்சம் காட்டும். ஆனா அது நெஞ்சுக்குள்ள மூடிக் கிடக்கிற இடம். தோல்ல என்ன இருக்கு, குடல்ல என்ன இருக்குன்னு முழுசா அதுக்குத் தெரியாது. அதுக்குன்னு வேற சில செல்லுங்க இருக்கு. அதுங்க ஊர் சுத்தும். ரத்தத்துல போய், தோல்ல, குடல்ல கிடக்கிறதுல துண்டு துண்டா எடுத்துட்டுத் தைமஸுக்கு வரும். வந்து இளம் செல்லுங்ககிட்ட காட்டும். இதுவும் நம்மதுதான், பழகிக்கோன்னு.’

‘சாம்பிள் எடுத்துட்டு வருது’ன்னேன்.

‘ஆமா சார். அப்படியே வச்சுக்கலாம்’னு சிரிச்சுது.

‘காட்டினதும் ஒரு செல்லு பாஞ்சு அடிச்சா?’

‘நம்ம பொருளை அவ்வளவு ஆத்திரமா அடிக்கிற செல்லை அங்கயே அழிச்சிடும். சிலதை மாத்தி, மத்த செல்லுங்களை அடக்குற வேலைக்குப் போடும்.’

எனக்குச் சுருக்குன்னுச்சு. ‘அப்போ ஒழுங்கா வேலை பார்க்கிறவனை முதல்லயே தூக்கிடுறாங்க. கண்டுக்காம விடுறவனைத்தான் வெளிய அனுப்புறாங்க. இது மாமூல் பழக்குற இடம் மாதிரி இருக்கே டாக்டர்.’

‘இல்ல சார். கிருமியை விடுன்னு யாரும் சொல்லிக்குடுக்கலை. அது வந்தா அடிக்கத்தான் செய்யும். நம்ம ஆளை அடிக்காதேன்னு மட்டும்தான் பாடம்.’

‘நம்ம ஆள் எவன்னு யாரு சொல்றது?’

‘அதான் சார், போயிட்டு வர்ற அந்தச் செல்லுங்க. அதுங்க கொண்டு வராம இருந்தா உள்ள இருக்கிறதுக்கு ஒண்ணுமே தெரியாது. வெளிய பார்க்கிறதெல்லாம் எதிரின்னு நினைச்சுக்கும். அதுங்க எவ்வளவு உதவுதுன்னு நாங்களே இன்னும் ஆராய்ச்சி பண்ணிட்டுத்தான் இருக்கோம். உங்க கட்டியில அந்தப் பயிற்சி கெட்டுப் போச்சு. தப்பாப் படிச்ச செல்லுங்க வெளிய போயிருக்கு.’

கஸ்தூரி கட்டில் ஓரத்துல நின்னு இதையெல்லாம் கேட்டுட்டே இருந்தா. இதுல அவளுக்கு என்ன புரிஞ்சிருக்கும்? ஆனா டாக்டர் எழுந்ததும், ‘அந்தப் போயிட்டு வர்ற செல்லுக்கு ஒண்ணும் ஆகாதா டாக்டர்’னு கேட்டா. பாருங்க கேள்வியை. நான் சாகக் கிடக்கிறேன், இவ அதைக் கேக்குறா. டாக்டர் அவ பக்கமாத் திரும்பி நின்னுது. அப்புறம், ‘அதுங்களுக்கு ஆயுசு கம்மிம்மா’ன்னுச்சு.

எடுக்கிற சுரப்பியில ஒரு துண்டை ஆராய்ச்சிக்கு வச்சுக்கலாமான்னு அனுமதி கேட்டாங்க. சாம்பிள்னா சீல் வைக்கணும், ஒரு பாகம் என்கிட்ட குடுக்கணும், அதுதான் சட்டம்னு சொன்னேன். அந்தப் பொண்ணு ரொம்பச் சிரிச்சுது. நான் சிரிக்கச் சொல்லலை.

முதல்ல ரத்தத்தை வெளிய எடுத்துச் சுத்தம் பண்ணி உள்ள விட்டாங்க, சில நாள். அப்புறம் ஆபரேஷன். இதோ, காலர் வரைக்கும் பட்டன் போட்டிருக்கேன் பாருங்க, உள்ள நடு நெஞ்சுல கோடு. கண்ணு முழிச்சப்போ வாயில குழாய். சில நாள் மெஷின்தான் மூச்சு விட்டுது. குழாயை எடுத்தப்புறமும் குரல் இல்ல, கையைத் தூக்க முடியலை. ஆஸ்பத்திரிக் கஞ்சியைக் குடுத்தாங்க. பசை. வாயை இறுக்கி மூடிக்கிட்டேன். கஸ்தூரி வீட்டுக் கஞ்சி மாவு கொண்டு வந்து காய்ச்சிக் குடுத்தா. வறுத்த அரிசி, பாசிப்பருப்பு, சுக்கு, ஓமம். கெட்டியா, சின்ன ஸ்பூன்ல. அது இறங்குச்சு சார். அது ஒண்ணுதான் இறங்குச்சு. என் வீட்டுச் சுத்தம்தான் என்னைக் காப்பாத்துதுன்னு நினைச்சுக்கிட்டேன்.

ஒரு நாள் கஸ்தூரி வரலை. திரையை விலக்கிட்டு வேற ஒரு பொம்பளை வருது. கணுக்கால் வரைக்கும் கட்டின நூல் புடவை, கையில ஃபிளாஸ்க். பார்த்ததும் தெரிஞ்சுடுச்சு. அந்த ஸ்டூல் பொம்பளை. பச்சையம்மா. தணிகைவேலோட அம்மா.

‘அண்ணிக்கு நேத்து ராத்திரி ஜொரம்ண்ணா. எழுந்திருக்க முடியலை. நளினி வேலைக்கு லீவு போட்டுட்டு வந்து அவங்க கூட இருக்கு. அதான் நான் கஞ்சி எடுத்துட்டு வந்தேன்’னுச்சு.

அண்ணாவாம். நான் அதுக்கு அண்ணா. கஸ்தூரி அண்ணி. எனக்கு உடம்பெல்லாம் கூசுது, ஆனா வாய் வரலை. போன்னு கையைக் காட்டணும், கை எழலை. நர்ஸ் வந்து கட்டில் தலைமாட்டைத் தூக்கி விட்டுட்டு, ‘மெதுவா குடுங்கம்மா’ன்னுட்டுப் போயிடுச்சு.

ஃபிளாஸ்க்கைத் திறந்துது. சுக்கு வாசனை, ஓம வாசனை. அதே கஞ்சி. எனக்கு அப்பவும் புரியலை. கஸ்தூரி வச்சிருந்த வீட்டு மாவுல காய்ச்சினதுன்னு நினைச்சேன்.

அந்தம்மா ஊட்டிக்கிட்டே பேசுது. அதுக்கு ரகசியம்னு தெரியாது. ‘இந்தத் தடவை ஓமம் கொஞ்சம் கூடப் போச்சுண்ணா. அண்ணி ஒவ்வொரு மாசமும் வந்து எடுத்துட்டுப் போறப்போ சொல்வாங்க, அவருக்கு இது பிடிச்சுது, அது பிடிச்சுதுன்னு. மிளகாய்த்தூளை நீங்க ஸ்கூலுக்கெல்லாம் எடுத்துட்டுப் போய்க் காட்டுறீங்களாமே. கேட்டதும் எனக்கு அழுகையே வந்துடுச்சு. அப்போலேர்ந்து உங்களுக்குன்னு தனியாக் காம்பு கிள்ளி, தனியா வெயில்ல போட்டு, நானே உலக்கையில இடிக்கிறேன். மெஷினுக்கு அனுப்பறதில்ல.’

நான் அதோட கையைத்தான் பார்த்துட்டிருந்தேன். அந்தக் கை சார். குடல் உருவுற கை. ஸ்பூனோட என் வாய்க்கு வருது. வாயை மூடிக்கலாம். மூடினா மூச்சு முட்டும், அவ்வளவு பலவீனம். முழுங்கினேன். மோவாயில வழிஞ்சுது. துணி எடுக்கலை, விரலாலயே வழிச்சு எடுத்துது. மூக்குக்குப் பக்கத்துல விரல் வந்துது. நான் நல்லா இழுத்து மோந்தேன். வாடை வரும்னு. எலுமிச்சம்பழ வாசனை வந்துது. அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. தேடித் தேடிப் பார்த்தேன், ஒண்ணும் இல்ல.

முழு ஃபிளாஸ்க்கும் குடிச்சேன். வேற வழி இல்ல.

அது போனதும் படுத்துக்கிட்டே கணக்குப் போட்டேன். படவேடு. பெரிய பை. ஆறு வருஷமா மாசாமாசம் அம்மனைப் பார்க்கப் போறேன்னு சொல்லிட்டு, படவேட்டுல இறங்காம நேரா போளூர் போயிருக்கா. பொண்ணைப் பார்த்து, பேத்தியைத் தூக்கி, அங்க சாப்பிட்டு, அங்கேர்ந்து மாவும் தூளும் ஊறுகாயும் கட்டிட்டு வந்து எனக்குத் தெரியாம என் இலையில போட்டிருக்கா. கொஞ்சம் கொஞ்சமா. ஆறு வருஷமா நான் அந்த வீட்டுச் சோத்தைத் தின்னிருக்கேன். கலெக்டர் முன்னாடி தூக்கிக் காட்டியிருக்கேன். இதைவிட ஒரு மனுஷனை வேற எப்படி சார் ஏமாத்த முடியும்? முப்பது வருஷம் ஊர்க்கலப்படத்தைப் பிடிச்சவன் வீட்டுக்குள்ளயே கலப்படம். வாந்தி எடுக்கணும்னு நினைச்சேன். வாந்தி எடுக்கிற பலம்கூட உடம்புல இல்ல.

வீட்டுக்கு வந்து குரல் திரும்பின அன்னிக்குக் கேட்டேன். காலையில, குரல் தெளிவா இருக்கிற நேரமாப் பார்த்து. கஸ்தூரி மறுக்கலை. ‘ஆமா’ன்னா.

‘அடுக்களையில அந்த வீட்டுச் சாமான் ஒண்ணு இருக்கக் கூடாது. எல்லாத்தையும் எடுத்துக் கொட்டு’ன்னேன்.

‘எல்லாத்தையுமா?’

‘எல்லாத்தையும்.’

அவ ஒரு கோணியை விரிச்சா. மிளகாய்த்தூளைக் கொட்டினா. மல்லித்தூள், மஞ்சள், ரசப்பொடி. மாங்காய் ஊறுகாய், நார்த்தங்காய் ஊறுகாய். கூழ்வத்தல், வெங்காய வடகம். எள்ளுப்பொடி. கஞ்சி மாவு. நான் நாற்காலியில உக்காந்து பார்த்துட்டே இருக்கேன், நிக்கவே மாட்டேங்குது. ஒவ்வொரு டப்பாவா எடுத்துக் கவுத்து, தட்டி, காட்டிட்டு வைக்கிறா. கடைசியில அலமாரியில அரிசியும் உப்பும் துவரம்பருப்பும்தான் மிச்சம். டப்பா எல்லாம் வாயைத் திறந்துட்டு நிக்குது. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு, ‘போதும்’னு சொல்ல வாயெடுத்தேன். அவ நிறுத்தலை.

அப்புறம் கையைக் கழுவிட்டு வந்து என் முன்னாடி நின்னா. ‘உங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாப் பழகிட்டா, ஒரு நாள் சொல்லிடலாம்னு இருந்தேன். பேத்தியைக் கூட்டிட்டு வரலாம்னு இருந்தேன். உங்களுக்காகத்தான் பஸ்ஸுல போய்ப் போய் வரேன்னு நினைச்சுட்டிருந்தேன்’னா. ஈரக் கையை முந்தானையில துடைச்சா. ‘அது மட்டும் இல்ல போல. அங்க போனாத்தான் எனக்கு மூச்சு வந்துது.’

அழலை சார். அழுதிருந்தா சமாதானம் பண்ணியிருப்பேன். மாத்திரையையெல்லாம் வேளை வாரியாப் பிரிச்சு மேஜை மேல வச்சா. சாதம் வடிச்சு மூடி வச்சா. பக்கத்து வீட்டுல சொல்லிட்டுக் கிளம்பிட்டா. அந்தப் பெரிய பையைக்கூட எடுத்துட்டுப் போகலை.

இப்ப நீங்க சொல்லுங்க, தப்பு யார் பேர்ல?

சொல்ல மாட்டீங்க. யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. டாக்டர்கிட்ட சொன்னேன், அந்தப் பொண்ணு மாத்திரைச் சீட்டை எழுத ஆரம்பிச்சுது.

அப்புறம் நானே சமைச்சேன். சுத்தமா, நானே கழுவி, நானே வேக வச்சு. கடையில பார்த்துப் பார்த்து நல்ல கம்பெனித் தூளா வாங்கினேன். தண்ணியில தூவிப் பார்த்தேன், மிதந்துது, சாயம் இறங்கலை. குழம்பு வச்சேன். ஒரு வாய் உள்ள போகலை. தொண்டை இல்ல சார் காரணம். மாத்திரை போட்டா இப்ப நல்லாவே இறங்குது, தாடையும் நிக்கிறதில்ல. ஆனா வாயில வச்சதும் குமட்டுது. என் கையால சமைச்சது எனக்கே குமட்டுது. தூளை மாத்திப் பார்த்தேன், எண்ணெயை மாத்திப் பார்த்தேன், பாத்திரத்தைக்கூட மாத்தினேன். எங்க தப்புன்னு கண்டுபிடிக்க முடியலை. சட்டை எப்படித் தொங்குது பாருங்க.

அதான் கிளம்பினேன். சாமான் எங்க இருக்குன்னு கேக்க.

போளூர் வந்துடுச்சா? இதான் பஸ் ஸ்டாண்டா, மாறிப் போச்சு. பத்து நிமிஷம் நிக்கும்னு கண்டக்டர் சொல்றார். கொஞ்சம் இருங்க, ஜன்னல் கண்ணாடியைத் தூக்குறேன். அதோ, எதிர்ல, தகர ஷீட் போட்ட கடை. அதேதான். பாருங்க, ரோட்டுப் புழுதி முழுக்க அடுப்பு மேலதான். ஈ இருக்கும். இங்கேர்ந்து தெரியலை. இருக்கும்.

ஓரமா பெஞ்சுல உக்காந்திருக்கிற பொம்பளை. பச்சைப் புடவை. கஸ்தூரிதான் சார்.

சாப்பிடறா.

தோசை. மேல என்னவோ ஊத்தியிருக்கு, சொல்ல வேணாம். தட்டை மடியில வச்சுட்டு, குனிஞ்சு, பிச்சுப் பிச்சு. ஒரு சின்னப் பொண்ணு பக்கத்துல நின்னு வாயைத் திறக்குது, அதுக்கும் ஒரு வாய். மறுபடி இவ ஒரு வாய். அந்தம்மா வந்து இன்னொரு கரண்டி ஊத்துது, வேணாம்னுகூடச் சொல்லலை. என்ன வேகமா சாப்பிடறா பாருங்க. ரோட்டுல உக்காந்து, கையைக் கழுவினாளோ என்னவோ. நான் இவ சாப்பிட்டுப் பார்த்ததே இல்ல சார். இப்பத்தான் தோணுது. எனக்குப் பரிமாறிட்டு நிப்பா. அப்புறம் எப்ப சாப்பிடுவா, என்ன சாப்பிடுவா, நான் பார்த்ததே இல்ல.

இல்ல, வழி விட நீங்க எழுந்திருக்க வேணாம், உக்காருங்க. நான் இப்ப போய் எதிர்ல நின்னா அவ தட்டை வச்சுட்டு எழுந்துடுவா. அவ சாப்பிட்டு முடிக்கட்டும். கண்டக்டர்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்க, பஸ்ஸை அதுக்குள்ள எடுத்துட வேணாம்னு.